எலுமிச்சைச் சுறாவின் வாழ்வும் வழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமண்டலக் கரையோரங்களில் வாழும் எலுமிச்சைச் சுறாவைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பலர் முதலில் கேட்பது 'கடிக்குமா' என்பதைத்தான். அதற்கும் விடை உண்டு. ஆனால் இந்தச் சுறாவைப் புரிந்துகொள்ள அதன் குட்டிப் பருவத்திலிருந்தும், அந்தப் பருவம் கழியும் முழங்கால் ஆழக் கரையிலிருந்தும் தொடங்குவதே முறை என்பதால் அந்தக் கேள்வி சற்றுப் பின்னால் வருகிறது.

எலுமிச்சைச் சுறாவை எப்படி அடையாளம் காண்பது?

குட்டையான அகன்ற மூக்கும் தடித்த உடலும் கொண்ட சுறா இது. முதுகு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்திலோ மங்கிய பச்சைச் சாயலிலோ இருக்கும்; வயிறு வெளுத்திருக்கும். மணலும் கடற்புல்லும் பரந்த ஆழமற்ற நீரில், மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தரையோடு தரையாகவே தெரியும். ஆனால் நிறம் நம்பத்தகுந்த அடையாளமன்று. முதுகுத் துடுப்புகளைப் பார்க்க வேண்டும். இதன் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பாலான சுறாக்களுக்கு முன்னால் உள்ள முதுகுத் துடுப்பு பெரிதாகவும், வால் பக்கம் உள்ளது மிகச் சிறிதாகவும் இருக்க, எலுமிச்சைச் சுறாவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆழமற்ற நீரில் அது மெல்ல நகரும்போது இரண்டு துடுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீருக்கு மேல் தெரிவதுண்டு.

வளர்ந்தவை பொதுவாக இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நீளம் கொண்டவை. மிகப் பெரியவை 3.4 மீட்டர் அளவை எட்டியுள்ளன. கியூபாவின் இயற்கையியலாளர் ஃபெலிப்பே போயே 1868-இல் இந்த இனத்தை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். இன்று அதன் அறிவியல் பெயர் நெகாப்ரியான் பிரெவிரோஸ்ட்ரிஸ்.

இது எங்கெல்லாம் வாழ்கிறது?

அமெரிக்கக் கண்டங்களின் அட்லாண்டிக் கரையில் நியூஜெர்சி தொடங்கித் தெற்கு பிரேசில் வரையிலும், மெக்சிகோ வளைகுடாவிலும், கரீபியன் கடலிலும், மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் சில பகுதிகளிலும், பசிபிக் பக்கத்தில் பாஹா கலிபோர்னியா முதல் ஈக்வடார் வரையிலும் இது காணப்படுகிறது. இவற்றுள் ஃபுளோரிடா, பஹாமாஸ், கரீபியன் தீவுகள் ஆகியவற்றில்தான் இது மிகுதி. நடுக்கடலைக் கடந்து செல்லும் ஆற்றல் இருந்தபோதும், இதன் வாழ்க்கையின் பெரும்பகுதி கரையை ஒட்டியே கழிகிறது. களப்புகள் எனப்படும் ஆழமற்ற கரையோர நீர்ப்பரப்புகள், அலையாத்திக் காடுகளின் ஓரம், பவளப் பாறைத் திட்டுகள், கழிமுகங்கள் ஆகியவையே இதன் வழக்கமான இருப்பிடங்கள். கழிமுகத்தில் நுழைந்தாலும், காளைச் சுறாவைப் போல ஆற்றில் நெடுந்தொலைவு மேலேறிச் செல்வதில்லை.

குளிர்காலத்தில் இதன் இடப்பெயர்ச்சி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடக்கிறது. தென்கிழக்கு ஃபுளோரிடாவின் ஜூபிட்டர் நகரை ஒட்டிய கடலில் வளர்ந்த சுறாக்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கூடுகின்றன. சற்று வடக்கே, விண்வெளி ஏவுதளத்தால் உலகறிந்த கேப் கனவெரல் கரையில், அலை உடையும் இடத்திலேயே இளம் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் திரள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

பெரும்பாலான சுறாக்களைப் பற்றி அறியாத அளவுக்கு இதைப் பற்றி அறிந்திருப்பது எப்படி?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இது அடைப்பிடத்தில் பிழைக்கும் சுறா. திறந்த கடலில் திரியும் பல சுறாக்கள் தொட்டியில் விட்டால் சில நாள்களில் இறந்துவிடும். எலுமிச்சைச் சுறாவோ இரை எடுத்து, பழகி, சோதனைகளுக்கும் ஈடு கொடுக்கிறது. அதனால் 1950-களிலிருந்தே சுறாக்களின் புலன்களையும் கற்கும் திறனையும் ஆராய விரும்பியவர்கள் இதையே தேர்ந்தெடுத்தனர்.

இரண்டாவது காரணம் பிமினி. மயாமி நகருக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், பஹாமாஸ் நாட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள சிறு தீவுக்கூட்டம் இது. வடக்கு பிமினியும் தெற்கு பிமினியும் சூழ்ந்திருக்கும் ஆழமற்ற களப்பில் ஆண்டுதோறும் எலுமிச்சைச் சுறாக்கள் வந்து குட்டி போடுகின்றன. மயாமி பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் குரூபர் 1990-இல் இங்கே ஒரு கள ஆய்வு நிலையத்தை நிறுவினார். 2019-இல் அவர் மறையும் வரை அவரது ஆர்வத்தின் மையம் இந்த ஒரே இனமாகத்தான் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நிலையத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பு நடக்கும் விதத்தை அறிந்தால்தான் பின்னால் வரும் செய்திகளின் மதிப்பு விளங்கும். குட்டிகள் பிறந்த சில வாரங்களில், இருட்டிய பிறகு, கரைக்குச் செங்குத்தாக நீண்ட செவுள் வலைகளைக் கட்டுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலையின் முழு நீளத்தையும் பார்த்து வருவார்கள், ஏனென்றால் வலையில் சிக்கிய குட்டி அதற்கு மேல் தாங்காது. பிடிபட்டதை நீர் நிரப்பிய தொட்டியில் இட்டு, நீளம் அளந்து, எடை பார்த்து, அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய மின்னணு அடையாளக் குழலை முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் செலுத்தி, துடுப்பின் ஓரத்தில் மரபணுச் சோதனைக்காகச் சிறு துணுக்கை வெட்டிக்கொள்கிறார்கள். அதே குட்டி மறுபடியும் வலையில் விழாதிருக்க, கணக்கெடுப்பு முடியும் வரை கடலிலேயே கட்டிய வேலி அடைப்பில் வைத்திருந்து, பிறகு விடுவிக்கிறார்கள். களப்பில் பிறக்கும் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஆண்டுதோறும் பதிவேட்டுக்கு வந்துவிடுகின்றன. உலகில் வேறெந்தச் சுறாவுக்கும் இப்படியொரு பிறப்புப் பதிவேடு இவ்வளவு நீண்ட காலம் பேணப்பட்டதாகச் சொல்வது கடினம்.

முட்டையிடுமா, குட்டி போடுமா?

குட்டி போடும். கருவில் உள்ள குட்டி முதலில் தன் மஞ்சள் கருவிலிருந்து ஊட்டம் பெறுகிறது. அது தீர்ந்ததும், மஞ்சள் கருப் பையே தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறித் தாயின் குருதியிலிருந்து ஊட்டம் கொண்டுவருகிறது. பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணும் ஏற்பாட்டைச் சுறாக்கள் தனி வழியில் உருவாக்கிக்கொண்டுள்ளன. பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் சூல் தாங்கிய பின், பிமினியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், தாய் களப்புக்குள் வந்து குட்டிகளை ஈனும். ஓர் ஈற்றில் 4 முதல் 17 குட்டிகள் வரை இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிறக்கும்போது அறுந்த கொடியின் தழும்பு, இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு இடையே சில வாரங்கள் ஆறாமல் தெரியும்; வலையில் வந்த குட்டி அந்த ஆண்டில் பிறந்ததுதானா என்பதை ஆய்வாளர்கள் இதை வைத்தே தீர்மானிக்கிறார்கள்.

ஈன்ற தாய் அடுத்த ஆண்டு சூல் கொள்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈற்று.

ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்துக்கும் ஒரே தந்தைதானா?

பெரும்பாலும் இல்லை. மரபணுச் சோதனையில் பிமினியின் ஈற்றுகளில் மிகுதியானவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையர் இருப்பது தெரியவந்தது. ஒரு தாய் திரும்பத் திரும்ப அதே களப்புக்கு வருவது பதிவாகியிருக்க, ஒருமுறை தந்தையாகக் கண்டறியப்பட்ட ஆண் மறுபடியும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. இடத்தோடு பிணைந்திருப்பது பெண். ஆண்கள் பரந்த கடலில் திரிபவை.

தாய் குட்டிகளைப் பேணுமா?

இல்லை. ஈன்றவுடன் தாய் ஆழமான நீருக்குச் சென்றுவிடும். குட்டிக்கு அது கொடுப்பது இரண்டு மட்டுமே: சில வாரங்களுக்குத் தாங்கும் ஈரல் கொழுப்பு, பாதுகாப்பான ஓர் இடம். இரண்டாவதே பெரிய சீதனம்.

குட்டிகள் முதல் ஆண்டுகளை எங்கே, எப்படிக் கழிக்கின்றன?

அலையாத்தி மரங்களின் அடியில். பிமினியின் கரையில் வளரும் சிவப்பு அலையாத்தி, பிச்சாவரத்தில் நாம் காணும் சுரபுன்னையின் நெருங்கிய உறவு. அதைப் போலவே வளைந்த தாங்கு வேர்களை நீருக்குள் ஊன்றி நிற்பது. அந்த வேர்களுக்கு இடையே அறுபது சென்டிமீட்டர்க் குட்டி நுழையும். அதைத் தின்ன வரும் பெரிய சுறாவோ சீலா மீனோ நுழைய முடியாது.

குட்டியின் நாள் கடிகாரத்தால் அன்று, ஓதத்தால், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தால், அளக்கப்படுகிறது. ஓதம் ஏறும்போது பெரிய சுறாக்களும் கரை வரை வந்துவிட இயலும் என்பதால், அந்த நேரத்தில் குட்டிகள் அலையாத்தி ஓரத்தின் ஆழங்குறைந்த மூலைகளில் கூட்டமாக ஒதுங்கிக்கொள்கின்றன. ஓதம் வற்றியதும், பெரியவை பின்வாங்கிய பிறகு, குட்டிகள் கடற்புல் வெளிகளில் பரவுகின்றன. இங்கே அஞ்ச வேண்டிய பெரிய சுறாக்களில் அதே இனத்தின் வளர்ந்தவையும் அடக்கம் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சுறாவின் உலகில் உறவுமுறை வயிற்றுக்குக் குறுக்கே நிற்பதில்லை.

முதல் ஆண்டில் ஒரு குட்டி சில நூறு மீட்டர் நீளமுள்ள கரையை விட்டு அகலாது. பக்கத்து விரிகுடாவில் பிறந்த குட்டியும் இதுவும் ஒன்றையொன்று காணாமலே வளர்வதும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லை மெல்ல விரிகிறது. ஆனாலும் தீவை முற்றிலும் விட்டுச் செல்லப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இழப்பு பெரிது. பிமினியில் ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டாலும், பிறந்தவற்றில் நூற்றுக்கு 35-இலிருந்து 60-க்கும் சற்று மேல் வரை முதல் ஆண்டிலேயே இறந்துவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: குட்டிகள் அதிகமாகப் பிறந்த ஆண்டில் இறப்பு விகிதமும் கூடுகிறது. ஒளிவதற்கான வேர்களும் உண்பதற்கான மீன்களும் ஓர் அளவுக்குத்தான் உள்ளன; அந்த அளவைக் கரைதான் தீர்மானிக்கிறது.

பிறந்த இடத்துக்கே குட்டி போடத் திரும்புகிறது என்பது உண்மையா?

உண்மை. கடலாமைகளுக்கும் சால்மன் மீன்களுக்கும் இந்த வழக்கம் உண்டு என்பது நெடுநாள் தெரிந்த செய்தி. சுறாக்களும் அப்படிச் செய்யக்கூடும் என்று பலரும் ஐயுற்றிருந்தாலும், நேரடிச் சான்று கிடைக்கவில்லை. காரணம் எளிது. இந்த இனத்தின் பெண் சுறா பருவமடையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது; அதுவரை காத்திருந்து, வருவது அதே சுறாதான் என்று உறுதிசெய்யும் பொறுமையும் பதிவேடும் யாரிடம் இருந்தன?

பிமினியில் இருந்தன. கெவின் ஃபெல்ட்ஹைம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகளின் மரபணு அடையாளங்களைத் தொகுத்திருந்தனர். தாய்ச் சுறாவை நேரில் பிடிப்பது அரிதாகவே நடந்தது. ஆனால் ஓர் ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகள் பலவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டால், அவை அனைத்துக்கும் பொதுவான தாயின் மரபணு அடையாளம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதைக் கணித்துவிடலாம். அப்படிக் கணித்த தாய்களின் அடையாளங்களைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, 1993-க்கும் 1997-க்கும் இடையே பிமினியில் பிறந்து குறியிடப்பட்ட பெண் குட்டிகளில் குறைந்தது ஆறு, 14 முதல் 17 ஆண்டுகள் கழித்து அதே களப்புக்கு வந்து ஈன்றிருந்தது தெரிந்தது. 2013-இல் இது வெளியானது. சுறா இனம் ஒன்றில் இந்த வழக்கம் நேரடியாக உறுதியானது அப்போதுதான்.

ஆறு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பிறந்தவற்றில் பருவமடையும் வரை பிழைப்பவை எத்தனை சில என்பதை நினைத்துப் பார்த்தால், அது சிறிதன்று என்பது புலப்படும். இதன் விளைவு பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மிக முக்கியமானது. ஒரு களப்பு அழிந்தால், அங்கே பிறந்த பெண் சுறாக்கள் வேறொரு களப்பைத் தேடிக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அதேபோல, ஒரு களப்பின் தாய்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், பக்கத்துத் தீவிலிருந்து வேறு சுறாக்கள் விரைவில் வந்து நிரப்பிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

என்ன உண்கிறது?

முதன்மையாக மீன். குட்டிகள் களப்பில் மலிந்திருக்கும் வெள்ளி நிறச் சிறுமீன்களையும், இறால், நண்டு ஆகியவற்றையும் உண்கின்றன. நாளொன்றுக்கு அவற்றின் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்கே இரை போதுமானது. வளர்ந்தவை திருக்கை, பாரை, மடவை, கெளிறு, நண்டு ஆகியவற்றோடு, வாய்ப்புக் கிடைத்தால் சிறு சுறாவையும் நீர்ப்பறவையையும் கூட விழுங்கும். பற்கள் ஒடுங்கிய முக்கோண வடிவில், வழுக்கும் மீனைக் குத்திப் பிடிப்பதற்கு ஏற்றவை. பெரிய இரையைக் கவ்வியதும் தலையைப் பக்கவாட்டில் வேகமாக உதறித் துண்டை அறுத்தெடுக்கும்.

பற்கள் தேய்வதைப் பற்றி அது கவலைப்பட வேண்டியதில்லை. இளம் எலுமிச்சைச் சுறாக்களில் ஒரு வரிசைப் பல் ஏறத்தாழ எட்டு நாள்களுக்கு ஒருமுறை மாற்றப்படுவது 1960-களிலேயே அளக்கப்பட்டது. பின் வரிசையில் காத்திருக்கும் பல் முன்னால் நகர்ந்து வர, பழையது உதிர்ந்துவிடும்.

சுறா நீந்துவதை நிறுத்தினால் மூச்சுத் திணறி இறந்துவிடும் என்பார்களே?

சில சுறாக்களுக்கு அது பொருந்தும்; இதற்குப் பொருந்தாது. எலுமிச்சைச் சுறா மணல் தரையில் அசையாமல் படுத்து, வாயின் தசைகளால் நீரை உள்ளிழுத்துச் செவுள்களின் வழியே வெளியேற்றி மூச்சுவிடும். படுத்திருக்கும்போது சிறு மீன்கள் வந்து அதன் தோலிலும் வாயோரத்திலும் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பதும் உண்டு. பஹாமாஸின் சில இடங்களில் முக்குளிப்போர் இக்காட்சியை எளிதில் காண்கின்றனர்.

கூட்டமாக வாழுமா? ஒன்றையொன்று அடையாளம் அறியுமா?

சுறா என்றாலே தனித்துத் திரியும் வேட்டையாடி என்ற எண்ணத்தை மாற்றியதில் இந்த இனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், கடலில் அமைத்த அடைப்பில் ஓர் இளம் எலுமிச்சைச் சுறாவை விட்டு, ஒரு பக்கத்தில் தன் இனச் சுறாக்களையும் மறுபக்கத்தில் செவிலிச் சுறாக்களையும் வைத்தபோது, அது தன் இனத்தின் பக்கமே கூடுதல் நேரம் கழித்தது. களப்பிலும் குட்டிகள் தம் அளவை ஒத்தவற்றோடு சேர்ந்தே நீந்துகின்றன; அளவு வேறுபட்டால் ஒன்றின் அருகாமை மற்றதற்கு ஆபத்தாகிவிடும் அல்லவா.

அதைவிடச் சுவையான சோதனை 2013-இல் வந்தது. இரை பெறுவதற்கான ஒரு சிறு வேலையைச் சில சுறாக்களுக்கு முன்கூட்டியே பழக்கினார்கள். அப்படிப் பழகிய துணையோடு விடப்பட்ட புதிய சுறாக்கள், பழகாத துணையோடு விடப்பட்டவற்றைவிட விரைவாக அந்த வேலையைச் செய்து முடித்தன. பார்த்துக் கற்பது மீனுக்கும் இயலும். தனிச் சுறாக்களின் இயல்புகளும் வேறுபடுகின்றன: சில குட்டிகள் புதிய இடத்தை ஆர்வத்தோடு சுற்றிப்பார்க்கும், சில ஒதுங்கியே இருக்கும்; சில எப்போதும் துணையை நாடும், சில நாடுவதில்லை. இந்த வேறுபாடுகள் காலம் கடந்தும் அதே சுறாவிடம் நிலைத்திருக்கின்றன.

பழக்க முடியும் என்பதை முதலில் காட்டியவர் யார்?

யூஜெனி கிளார்க். ஃபுளோரிடாவின் கேப் ஹேஸ் பகுதியில் 1955-இல் கடலாய்வுக் கூடம் ஒன்றைத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் எலுமிச்சைச் சுறாக்களை நீருக்குள் தொங்கவிட்ட பலகையை மூக்கால் தள்ளப் பழக்கினார். தள்ளியதும் மணி ஒலிக்கும், இரை கிடைக்கும். குளிர்காலத்தில் சுறாக்கள் இரை எடுப்பது குறைந்ததால் பயிற்சியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்து, பின்பு தொடர்ந்தபோதும் அவை மறக்கவில்லை. சுறா அறிவற்ற தின்னும் பொறி என்று ஆய்வாளர்களே நம்பியிருந்த காலம் அது.

சுறாவுக்குக் கண் மங்கல் என்பது சரியா?

தவறு. மங்கிய ஒளியில் அதன் பார்வை நன்றாகவே வேலை செய்கிறது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளிதிருப்பும் படலம், ஒருமுறை கடந்த ஒளியை மறுபடியும் விழித்திரைக்கே அனுப்புகிறது. எலுமிச்சைச் சுறாவின் கண்ணில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. களப்பில் வாழும் இளம் சுறாவின் விழித்திரையில் உள்ள நிறமி, கரையோரத்தின் மஞ்சள் கலந்த பச்சை ஒளிக்குப் பொருந்துவது. வளர்ந்து, தெளிந்த நீலக் கடலுக்குச் சென்ற சுறாவின் கண்ணில் அது நீல ஒளிக்குப் பொருந்தும் வேறு நிறமியாக மாறியிருக்கும். இருப்பிடம் மாறுவதற்கேற்பக் கண்ணே மாறுகிறது.

தலைகீழாகத் திருப்பினால் உறங்கிவிடுமா?

உறக்கம் என்று சொல்வது சரியன்று. மல்லாக்கத் திருப்பிப் பிடித்தால் சில நொடிகளில் உடல் தளர்ந்து, மூச்சு சீராகி, அசைவற்றுக் கிடக்கும். விட்டதும் புரண்டு நீந்திச் சென்றுவிடும். ஆய்வாளர்கள் சிறு அறுவைகளை இந்த நிலையில் செய்கிறார்கள். வேடிக்கைக்காகச் செய்யத்தக்கது அன்று.

மனிதருக்கு ஆபத்தானதா?

பெரிய பற்கள் கொண்ட மூன்று மீட்டர் விலங்கு எதுவாயினும் அதனிடம் மரியாதையோடு விலகியிருப்பதே அறிவு. ஆனால் பதிவுகள் சொல்வது இதுதான்: சீண்டாமல் இருந்த மனிதரை எலுமிச்சைச் சுறா கடித்ததாக உறுதியான நிகழ்வுகள் உலகெங்கும் மிகச் சிலவே, உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. கடித்தவற்றுள் பல, வாலைப் பிடித்தல், தூண்டிலிலிருந்து விடுவித்தல், கையால் இரை ஊட்டுதல் போன்ற மனிதச் செயல்களின் விளைவுகள். களப்பில் நடக்கையில் காலருகே வரும் குட்டியும் சிக்கினால் கடிக்கத்தான் செய்யும்.

எவ்வளவு காலம் வாழும்? வயதை எப்படி அறிகிறார்கள்?

முப்பது ஆண்டுகளை ஒட்டி வாழும் எனக் கணிக்கப்படுகிறது. சுறாவுக்கு எலும்பு கிடையாது. குருத்தெலும்பாலான முதுகெலும்பு வில்லைகளில், மரத்தின் வளையங்களைப் போல வளர்ச்சிக் கோடுகள் பதிகின்றன. ஒரு கோடு ஓராண்டைத்தான் குறிக்கிறதா என்பதை உறுதிசெய்ய, குரூபரின் குழுவினர் சுறாக்களுக்கு டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை ஊசி மூலம் செலுத்தி விடுவித்தனர். அந்த மருந்து முதுகெலும்பில் புற ஊதா ஒளியில் ஒளிரும் கோடாகத் தங்கிவிடும். பின்னர் அதே சுறா மீண்டும் கிடைக்கும்போது, அந்தக் கோட்டுக்குப் பிறகு எத்தனை வளையங்கள் வளர்ந்துள்ளன என்று எண்ணினால் போதும். அப்படி வந்த கணக்குப்படி ஆண் சுமார் 11 அல்லது 12 வயதிலும், பெண் 12 அல்லது 13 வயதிலும், 2.3 மீட்டரை ஒட்டிய நீளத்தில் பருவமடைகின்றன. பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பு, இரண்டு ஆண்டுக்கு ஓர் ஈற்று, அதிலும் பாதி முதல் ஆண்டிலேயே இழப்பு என்னும் கணக்கைப் பார்த்தால், மீன்பிடிப்பின் அழுத்தத்தை இது ஏன் தாங்குவதில்லை என்பது விளங்கும்.

இந்த இனம் அழியும் நிலையில் உள்ளதா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்பு இனமாக இடம்பெற்றுள்ளது. இறைச்சிக்காகவும் துடுப்புக்காகவும் தோலுக்காகவும் பிடிக்கப்படுவது ஒரு காரணம். பஹாமாஸ் அரசு, நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி விடும் மீன்பிடி முறையை 1990-களின் தொடக்கத்திலேயே தடைசெய்தது. 2011-இல் தன் கடற்பரப்பு முழுவதிலும், அதாவது ஏறத்தாழ 6,30,000 சதுர கிலோமீட்டரில், வணிகச் சுறாப் பிடிப்பையும் நிறுத்தியது. ஃபுளோரிடா மாநிலம் தன் கடல் எல்லைக்குள் எலுமிச்சைச் சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்வதை 2010-இல் தடைசெய்தது. இவை உண்மையாகவே பெரிய நடவடிக்கைகள்.

ஆயினும் தூண்டிலைத் தடைசெய்வது எளிது. கரையைக் காப்பது கடினம். வடக்கு பிமினியில் பெரிய விடுதிக் கட்டுமானத்துக்காக அலையாத்திகள் வெட்டப்பட்டு, கடல் அடித்தளம் தோண்டப்பட்டது. 2001-இல் தோண்டும் வேலை மும்முரமான பிறகு, அந்தக் களப்பில் பிறந்த குட்டிகள் முதல் ஆண்டைக் கடந்து பிழைக்கும் விகிதம் கால் பங்கை ஒட்டிக் குறைந்ததை ஆய்வு காட்டியது. ஒரு சுறாவைக்கூட யாரும் பிடிக்கவில்லை. கலங்கிய நீரும், மூடுண்ட கடற்புல்லும், ஒளிய இடமின்மையுமே அந்த இழப்பைச் செய்தன. பிறந்த இடத்தையே நாடி வரும் இனத்துக்கு, இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பாதுகாப்பைவிட அந்த ஒரு களப்பின் சில கிலோமீட்டர் வேர்ப்பரப்பு குறைந்த மதிப்புடையதன்று என்பதே இதை எழுதுபவரின் கருத்து.

இந்தியக் கடலில் எலுமிச்சைச் சுறா உண்டா?

இதே இனம் இல்லை. இதன் ஒரே உடன்பிறப்பு இனம் உண்டு. அரிவாள் போல் வளைந்த துடுப்புகள் கொண்ட அந்தச் சுறா, நெகாப்ரியான் அக்கியூடிடென்ஸ் என்ற பெயரில், செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்காவும் தொடங்கி இந்தியா, இலங்கை, மாலத்தீவு வழியாக ஆஸ்திரேலியா, டஹிட்டி வரை பரவியுள்ளது. தோற்றத்திலும் நடத்தையிலும் இரண்டும் மிக நெருங்கியவை. இதுவும் குட்டி போடுவது. இதன் குட்டிகளும் அலையாத்தி ஓரங்களிலும் பவளத்தீவுக் களப்புகளிலுமே வளர்கின்றன. செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவு இதற்குப் பெயர்பெற்ற இடம். கரையோரத்தில் செவுள் வலைகள் நெருக்கமாக விரிக்கப்படும் நாடுகளில் இது பெருமளவு குறைந்துவிட்டது; முன்பு காணப்பட்ட சில பகுதிகளில் இப்போது தென்படுவதே இல்லை. சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் இனத்தைவிட மோசமான நிலையில் இது வைக்கப்பட்டுள்ளது. மீன் இறங்குதளத்தில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு முதுகுத் துடுப்புகளும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும், அகன்ற குட்டை மூக்கும் கொண்ட ஒரு பெரிய சுறாவைக் காண நேர்ந்தால், அது பெரும்பாலும் இந்த இனமாகத்தான் இருக்கும்.